தோற்ற நட்சத்திரங்கள் எல்லாரும் துன்பியல் நாயகர்களா? யாரை எடுப்பது, யாரை விடுவது?

தூத்தூர்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கடற்கரை ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு பேச்சுக்கு ஏற்பாடு நடக்கிறது. நாற்பது நிமிடம். தலைப்பு, ‘விளையாட்டு நட்சத்திரமும் துன்பியல் நாயகனும்’. வள்ளவிளை முதல் நீரோடி வரை பந்துகளி ஊறிய கரை என்பது இங்கே பலருக்குத் தெரியும். உலகக்கோப்பை வந்தால் ஒரு தெருவில் பிரேசில் கொடி, அடுத்த தெருவில் அர்ஜென்டினா கொடி. கேட்க வரப்போகிறவர்களில் பாதிப்பேர் பந்தடிக்கிற பையன்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள்.

பட்டியலில் இப்போது ஜிடேன், மாரடோனா, ராபர்ட்டோ பாஜ்ஜோ, ஆந்த்ரேஸ் எஸ்கோபார், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், பென் ஜான்சன், ஹான்சி குரோனியே, பி.டி. உஷா, வினேஷ் போகாட் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் நாற்பது நிமிடத்தில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்று தோன்றுகிறது.

கேட்க விரும்புவது மூன்று. தோற்றவர், அடிபட்டவர், மாட்டிக்கொண்டவர் எல்லாரையும் துன்பியல் நாயகர் என்று சொல்லலாமா, இல்லையென்றால் எதை வைத்துப் பிரிப்பது? ஒரு ஆட்டத்தை எடுத்தால் அதை எப்படிப் பிரித்துக் காட்டுவது? கிரேக்கம் தெரியாத பையன்களுக்கு நம் பக்கத்து அளவுகோல் ஏதாவது உண்டா?

—

இரணியல் வாசகன் எழுதியது:

தம்பி, நல்ல தலைப்பு. பட்டியலைச் சுருக்குவதற்கு அரிஸ்டாட்டிலின் கவிதையியல் 13-ஆம் அதிகாரம் ஒன்றே போதும். எது துன்பியல் ஆகாது என்பதை அங்கே அவர் முதலில் சொல்லிவிடுகிறார். முழுக்க நல்லவன் காரணமே இல்லாமல் விழுவது ஆகாது. அது இரக்கத்தைத் தராது, அருவருப்பையும் அதிர்ச்சியையும்தான் தரும். கெட்டவன் உயர்வதும் ஆகாது. முழுக்கக் கெட்டவன் விழுவதும் ஆகாது. நியாயம் நடந்தது என்ற நிறைவு வரும், இரக்கமோ அச்சமோ வராது. மிஞ்சுவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, பெயரும் புகழும் உள்ள ஒருவன். தீய குணத்தால் விழாமல் ஒரு பெரும்பிழையால் விழுகிறவன். அந்தப் பிழைக்குத்தான் ஹமார்ட்டியா என்று பெயர்.

இதை வைத்து உங்கள் பட்டியலைச் சலியுங்கள்.

கொலம்பியாவின் எஸ்கோபார் முதல் வகை. 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். ஜூலை 2 அன்று மெடெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தடுப்பாட்டக்காரர் குறுக்குப் பந்தை மறிக்கக் கால் நீட்டியதற்கும் அந்தக் கொலைக்கும் நடுவில் நாடக நியாயம் எதுவும் கிடையாது. அது ஒரு குற்றம். மேடையில் அதைத் ‘துன்பியல்’ என்று அழகுபடுத்தினால் கொலைகாரன் செய்ததை விதியின் கணக்கில் எழுதியதாகிவிடும். விட்டுவிடுங்கள்.

ஆம்ஸ்ட்ராங் மூன்றாம் வகையை ஒட்டி வருகிறார். 1999 முதல் 2005 வரை ஏழு தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்கள், 2012-இல் ஏழும் பறிபோயின. இடையில் ஆண்டுக்கணக்காக ஊக்கமருந்தைத் தெரிந்தே எடுத்தார், கேள்வி கேட்டவர்களை எதிர்த்துத் தாக்கவும் செய்தார். பென் ஜான்சனின் 1988 சியோல் ஓட்டமும் (9.79 விநாடி, மூன்றே நாளில் தங்கம் போனது) திடீர் வீழ்ச்சிதான். ஆனால் தெரிந்து செய்த ஏமாற்று வெளியே வந்ததைத் தவிர அதில் திருப்பம் இல்லை.

உஷா 1984-இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி, மூன்றாவதாக வந்த ருமேனியக்காரர் 55.41. நூறில் ஒரு விநாடி. நெஞ்சு கனக்கும், ஆனால் உச்சியிலிருந்து அவர் எங்கும் விழவில்லை. கிட்டவந்து நழுவிய பேறு அது.

பாஜ்ஜோவைப் பலரும் எடுப்பார்கள். 1994 இறுதியாட்டத்தில் அவர் பெனால்டி கம்பத்துக்கு மேலே போனது. அதற்கு முன்பே பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு உதை பாக்கி இருந்தது. அந்த இத்தாலி இறுதிக்கு வந்ததே நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியாவுக்கு எதிராக அவர் போட்ட ஐந்து கோல்களால். அந்த உதையை வீழ்ச்சியின் காரணம் என்று சொன்னால் கணக்கு உதைக்கும்.

இனி உண்மையான சோதனைக்கு வருகிறேன். 10-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது: ஒன்று இன்னொன்றின் *காரணமாக* நடப்பதும், அதற்குப் *பிறகு* நடப்பதும் வேறு வேறு. 11-ஆம் அதிகாரத்தில் திருப்பம் விளக்கப்படுகிறது. பெரிபெட்டியா என்பது வெறும் சரிவு அல்ல. ஒன்றை நாடிச் செய்த செயல் அதற்கு நேர் எதிரானதைக் கொண்டுவருவது. தந்தையைக் கொன்று தாயை மணப்போமோ என்ற இடிப்பஸின் அச்சத்தைப் போக்க வந்த கொரிந்துத் தூதன், வாய் திறந்ததாலேயே அந்த அச்சத்தை மெய்யாக்குகிறானே, அது.

கால்பந்தில் இதற்கு அச்சுப்பிசகாமல் பொருந்துகிறவர் உங்கள் பட்டியலில் இல்லை. பிரேசில் கோல்காவலர் மொவாசிர் பார்போசா. பையன்களுக்கு அவர் பெயர் தெரியாமலிருக்கலாம், அதனாலேயே அவரை எடுங்கள்.

1950 ஜூலை 16, மரக்கானா அரங்கம், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அந்த ஆண்டு உலகக்கோப்பையில் தனி இறுதியாட்டம் கிடையாது, நான்கு அணிகளின் சுற்றுதான். ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று வென்றிருந்த பிரேசிலுக்கு உருகுவேயுடன் சமன் செய்தாலே கோப்பை. 47-ஆவது நிமிடம் ஃப்ரியாசா கோல் போட்டார், 1-0. 66-ஆவது நிமிடம் வலது ஓரத்தில் கிஜ்ஜா ஓடிவந்தார். பிகோட் என்ற தடுப்பாட்டக்காரரைக் கடந்து குறுக்கே பந்தை அனுப்ப, ஷியாஃபினோ அடித்தார், 1-1. இதுவரை நடந்ததைப் பார்போசா மனதில் வாங்கிக்கொண்டார். 79-ஆவது நிமிடம் அதே ஓரம், அதே கிஜ்ஜா, அதே ஓட்டம். மறுபடியும் குறுக்குப் பந்துதான் வரும் என்று கணித்துக் கம்பத்தை விட்டு ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜ்ஜா அந்த இடைவெளியைப் பார்த்தார். பார்போசாவுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே தாழ்வாக அடித்தார். 2-1.

இதில் அலட்சியம் இல்லை, பயமும் இல்லை. கோலைத் தடுப்பதற்காக எடுத்த அடியே கோலுக்கு வழி திறந்தது. அந்த அடியை எடுக்க வைத்தது ஆட்டத்தைப் படிக்கிற அவர் திறமை. மட்டமான கோல்காவலர் கோட்டிலேயே நின்றிருப்பார், பந்தும் அவர் மேல் பட்டிருக்கும். உயர்த்திய குணமே வீழ்த்திய குணம் என்று பேச்சில் சொல்ல நினைத்தால், அதற்குச் சான்று இந்த ஓரடி.

பின்விளைவையும் விடாதீர்கள். பழி பார்போசா, பிகோட், ஜுவெனால் என்ற மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் மேல் விழுந்தது. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டு, நான் ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்ற பொருளில் கடைசிக் காலத்தில் அவர் சொன்னார். 2000 ஏப்ரலில் இறந்தார். பிழை அவருடையது, தண்டனையின் அளவு சமூகத்துடையது. இரண்டையும் கலக்காமல் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

—

குளச்சல் கோல்போஸ்ட் எழுதியது:

இரணியல் அண்ணன் சொன்ன சோதனை கூர்மையானது. ஆனால் அதன்படி பார்த்தால் ஜிடேனே வெளியே போய்விடுவார். 2006 உலகக்கோப்பை இறுதியில் எதிராளியைத் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வெற்றிக்காகச் செய்த செயல் இல்லையே, எதிர்விளைவு எப்படி வரும்? இருந்தும் 2006-ஐத் துன்பியல் என்று உணராதவர் யார்? ஆகவே அரிஸ்டாட்டில் ஒருவரோடு நிற்கக் கூடாது என்பது என் கட்சி. ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் சொன்ன துன்பியலில் நல்லதும் கெட்டதும் மோதுவதில்லை. இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. அண்ணனைப் புதைக்கும் கடமையும் அரசாணையும் ஆன்டிகனி என்ற கிரேக்க நாடகத்தில் மோதுவதுபோல. ஜிடேனுக்குள் மோதியவை, குடும்ப மானத்தைக் காக்கும் கடமையும் அணித்தலைவனாகக் களத்தில் நிற்கும் கடமையும். ஒன்றைக் காத்தால் மற்றது போகும்.

ஆட்டத்தைப் பிரிக்க நான் பரிந்துரைக்கிற முறை இது. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நிமிடம், என்ன நடந்தது, அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும். மூன்றாவது பத்திதான் உயிர். பார்வையாளனுக்குத் தெரிந்ததை அதில் எழுதிவிட்டால் எல்லாம் கெட்டது.

2006 ஜூலை 9, பெர்லின். 7-ஆவது நிமிடம், பெனால்டி. ஜிடேன் மெதுவாகத் தூக்கிவிட, பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே. பெனால்டிக்குக் காரணமான தவறு இத்தாலியின் மாட்டெராஸியுடையது. 19-ஆவது நிமிடம், சமன் செய்தவரும் அதே மாட்டெராஸி. கூடுதல் நேரத்தில் 104-ஆவது நிமிடம், ஜிடேன் தலையால் அடித்த பந்தை பஃபோன் மேலே தட்டிவிட்டார். அது உள்ளே போயிருந்தால் அடுத்த ஆறு நிமிடம் நடந்திருக்கவே நடந்திருக்காது. 110-ஆவது நிமிடம், பந்து வேறெங்கோ இருக்க, மாட்டெராஸியுடன் வார்த்தை தடித்து, திரும்பி வந்து அவர் மார்பில் ஜிடேன் முட்டினார். நடுவர் எலிசொண்டோ அதைப் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் காதுக்கருவியில் சொன்ன பிறகே சிவப்பு அட்டை. பெனால்டியில் இத்தாலி 5-3. அணியின் பெனால்டிக்காரர் அப்போது உள்ளே உடைமாற்றும் அறையில். இந்த உலகக்கோப்பையோடு ஓய்வு என்று முன்பே அறிவித்திருந்ததால் திரும்பி வந்து சரிசெய்ய இன்னொரு ஆட்டமும் இல்லை.

முன்குறிகளையும் காட்டுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு நொடிக் கோபமாகவே தெரியும். 1998 உலகக்கோப்பையில் சவூதி அரேபியாவுக்கு எதிராக எதிராளியை மிதித்துச் சிவப்பு அட்டை, இரண்டு ஆட்டத் தடை. திரும்பி வந்து இறுதியில் தலையாலேயே இரண்டு கோல். 2000-இல் யுவெண்டஸ் அணியில் ஆடும்போது ஹாம்பர்க் வீரரைத் தலையால் முட்டி வெளியேற்றம். 1998-இல் அந்தக் கோபத்தை வெற்றி மூடிவிட்டது. மூடியது ஆறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு இடத்தில் கவனம் தேவை. நாயகன் தன் பிழையை உணரும் கட்டம், அனக்னோரிசிஸ், ஜிடேனிடம் பாதியில் நிற்கிறது. மூன்று நாள் கழித்துத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வருந்துகிறேன் என்று சொல்ல மறுத்தார்; சொன்னால் தன் குடும்பத்தை இழித்து மாட்டெராஸி சொன்ன வார்த்தைகள் சரி என்றாகிவிடும் என்றார். இதைச் சிலர் குறை என்பார்கள். என் பார்வையில் ஜிடேன் கதையின் உச்சமே இதுதான். இரண்டு நியாயத்தில் ஒன்றைக்கூட அவர் கைவிடவில்லை.

—

குழித்துறை டீச்சர் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன். கிரேக்கத்துக்குப் போகாமலே இதைச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தில் நாம் கோவலனையும் கண்ணகியையும் பார்த்துக்கொண்டே இருப்பதில் பாண்டியன் நெடுஞ்செழியனை விட்டுவிடுகிறோம். அரிஸ்டாட்டில் கேட்ட எல்லாம் அவனிடம் இருக்கிறது.

ஊடிப்போன அரசியைத் தேடி அவசரமாகப் போகிறான். வழியில் பொற்கொல்லன் வந்து சிலம்புக் கள்வன் அகப்பட்டான் என்கிறான். ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று காவலரிடம் சொல்லிவிட்டு நகர்கிறான். விசாரணை இல்லை. அவன் கொடுங்கோலன் அல்லன், நீதி தவறாதவன் என்று பெயரெடுத்தவன். அரசியை மகிழ்விக்கச் சிலம்பை மீட்கச் சொன்ன ஆணைதான் அரசியையும் அவனையும் கொல்கிறது. வழக்குரை காதையில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது. தன் அரசி சிலம்பில் முத்து என்று அவனே சற்று முன்பு சொல்லியிருக்கிறான். உடனே:

‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்’

பிறகு ‘கெடுக என் ஆயுள்’. சாக்கு இல்லை, பொற்கொல்லன் மேல் பழி போடவும் இல்லை. பையன்களிடம் இந்த நான்கு படியை முதலில் சொல்லுங்கள்: பெயர், அவசரத்தில் ஒரு முடிவு, அந்த முடிவே திரும்பி அடிப்பது, சான்றைக் கண்டு தானே ஒப்புவது. பிறகு பார்போசாவையோ ஜிடேனையோ அந்தப் படிகளில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் படியில் பொருந்தவில்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் கைகொடுக்கும். அழுகை பிறக்கும் இடம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. உஷாவுடையது இழவு, அதாவது இழப்பு. அடிபட்டு உட்கார்ந்த ஆட்டக்காரனுடையது அசைவு, அதாவது முன்னிருந்த நிலையிலிருந்து தளர்தல். பார்போசாவின் ஐம்பது ஆண்டு இளிவு, அதாவது இகழப்படுதல். மூன்றுமே கண்ணீர் தரும், ஆனால் ஒரே கண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் துன்பியல் என்ற ஒரே பையில் போடாமல் இருக்க இது உதவும்.

நம் மாவட்டத்துக்கே உரியது இன்னொன்று. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரவிக்குட்டிப் பிள்ளை கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வேணாட்டுப் படைத்தலைவர். தாயும் மனைவியும் தீக்கனவு கண்டு போக வேண்டாம் என்று தடுக்கிறார்கள். போனால் திரும்ப மாட்டோம் என்று தெரிந்தும் கணியாகுளம் களத்துக்குப் போகிறார். கூட இருந்தவர்களே கைவிட, திருமலை நாயக்கர் படையிடம் மடிகிறார். இங்கே அறியாமை இல்லை. தெரிந்தே போகிறவர் இவர், தெரியாமல் விழுகிறவன் பாண்டியன். நம் நாட்டார் மரபு தெரிந்து போகிறவரைத்தான் தெய்வமாக்கிப் பாடுகிறது. விளையாட்டிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ரசிகர்கள் அவற்றைக் கலந்துவிடுகிறார்கள்.

பிரேசில் தெருக்காரர்களுக்கு உதாரணம் ரொனால்டோ. 1998 ஜூலை 12 மதியம் விடுதியில் அவருக்கு வலிப்பு வந்தது. முதலில் வெளியான அணிப் பட்டியலில் அவருக்குப் பதில் எட்முண்டோ. மருத்துவமனையில் சோதனை முடித்து அரங்கத்துக்கு வந்து ஆடுவேன் என்றார், பயிற்சியாளர் ஸகாலோ பெயரைச் சேர்த்தார். 3-0 தோல்வி, இரண்டு கோல் ஜிடேன் தலையால் போட்டது. அப்போது ரொனால்டோவுக்கு வயது 21. இதில் நாயகன் யார்? போகிறேன் என்றவரா, போ என்றவரா? என் கணிப்பில் ரொனால்டோ வில்லுப்பாட்டு நாயகன், பாண்டியன் இடத்தில் இருப்பவர் ஸகாலோ. ஒரு நாடு முழுக்கக் காத்திருக்க, அரைகுறைத் தகவலோடு, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது எடுத்த முடிவு அவருடையது.

—

தூத்தூர்க்கரை எழுதியது:

டீச்சர், அண்ணன்மாரே, மிக்க நன்றி. பாண்டியனிலிருந்து தொடங்குவது என்று முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் கிரிக்கெட் கேட்பார்கள்; குரோனியேவைத் தவிர வேறு யார்? வினேஷ் போகாட்டை எடுக்கலாமா? அவர் நம் காலத்தவர், காயம் ஆறவில்லை என்பதால் தயக்கம்.

—

வடசேரி ஸ்கோர்புக் எழுதியது:

கிரிக்கெட்டுக்கு 1999 உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்காவை எடுங்கள். ‘பிறகு’ வேறு, ‘காரணமாக’ வேறு என்று இரணியல்காரர் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான சங்கிலி கிடைக்காது. அதுவும் ஒரே வாரத்துக்குள்.

ஜூன் 13, ஹெடிங்லி, சூப்பர் சிக்ஸ் என்ற இரண்டாம் சுற்றின் கடைசி ஆட்டம். ஹெர்ஷல் கிப்ஸ் 101 அடித்து அணியை 271-க்குக் கொண்டுபோனார். ஆஸ்திரேலியா துரத்தும்போது ஸ்டீவ் வா 56-இல் எளிதான பிடி ஒன்றைக் கிப்ஸ் கைக்குத் தந்தார். பந்து கைக்குள் வந்துவிட்டது. முழுதாகப் பிடிபடும் முன்பே கொண்டாடித் தூக்கி எறியப் போய் நழுவவிட்டார். வா 120 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், இரண்டு பந்து மீதமிருக்க ஆஸ்திரேலியா வென்றது. அந்த வெற்றியால் சூப்பர் சிக்ஸ் பட்டியலில் ஆஸ்திரேலியா தென்னாப்பிரிக்காவுக்கு மேலே போனது.

ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன், அரையிறுதி, அதே இரண்டு அணி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரில் 9 ரன், கையில் ஒரே விக்கெட். க்ளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் நான்குக்கு அனுப்பினார். 4 பந்தில் 1 ரன். மூன்றாவது பந்தில் மறுமுனையில் டொனால்ட் முன்னே போய் மயிரிழையில் ரன் அவுட்டிலிருந்து தப்பினார். அதனால் நான்காவது பந்துக்கு அவர் கோட்டை விட்டு நகரவில்லை. க்ளூஸ்னர் அடித்துவிட்டு ஓடிவந்தார். டொனால்ட் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மட்டையும் கைநழுவியது, ரன் அவுட். இரண்டு பந்து மீதம். 213-213 சமன். சமன் என்றால் பட்டியலில் மேலே இருந்த அணி இறுதிக்குப் போகும்.

சங்கிலியைக் கவனியுங்கள். அந்தப் பிடி நழுவாமல் இருந்திருந்தால் பட்டியல் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு, மாறியிருந்தால் இதே சமன் தென்னாப்பிரிக்காவை இறுதிக்கு அனுப்பியிருக்கும். முந்திய பந்தில் கற்ற எச்சரிக்கைதான் டொனால்டைக் கட்டிப்போட்டது. தொடர் முழுக்க அணியைக் கரைசேர்த்த க்ளூஸ்னரின் துணிச்சல்தான் அவரை ஓடவைத்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஒரே நாயகன் வேண்டுமென்றால் க்ளூஸ்னர். கிப்ஸ் பிழை விதை, முளைத்தது வேறொருவர் களத்தில். ‘உலகக்கோப்பையையே நழுவவிட்டாய்’ என்று வா கிப்ஸிடம் சொன்னதாக உலவும் வசனத்தை மேடையில் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லவில்லை என்று வா தாமே மறுத்துவிட்டார். இந்த மாதிரிப் பொன்மொழிகள் பேச்சுக்கு ருசி தரும், நம்பகத்தைக் கெடுக்கும்.

குரோனியேவை எடுத்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அவருடைய சூதாட்டத் தொடர்பை 2000 ஏப்ரல் 7-இல் டெல்லி போலீஸ் வெளியிட்டது, முதலில் மறுப்பு, 11-ஆம் தேதி ஒப்புதல், அக்டோபரில் வாழ்நாள் தடை. கதை அங்கே முடிகிறது. 2002 ஜூன் 1-இல் விமான விபத்தில் இறந்தது அந்தத் தவறின் விளைவு கிடையாது. அதைக் கடைசிக் காட்சியாக வைத்தால் விபத்தைத் தண்டனை ஆக்குகிறீர்கள். இது பேச்சாளர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம். இந்திய ஆட்டக்காரர்களின் தடை வழக்குகளையும் தொடாதிருப்பது நல்லது. அசாருதீன் மீதான வாழ்நாள் தடையை 2012-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சட்டப்படி செல்லாது என்றது. பாதி செய்தியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டால் அது ஒரு மனிதருக்கு இழைக்கும் அநியாயம்.

வினேஷ். எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்றே சொல்வேன், ஆனால் முழுக்க விதிமுறையோடு எடுங்கள். மல்யுத்தத்தில் போட்டி நடக்கும் இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள், இரண்டாம் நாள் 15 நிமிட அவகாசம். வழக்கமாக 53 கிலோ பிரிவில் ஆடியவர், அந்த இடம் அந்திம் பங்கலுக்கு உறுதியானதால் 50 கிலோவுக்கு இறங்கினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 6 காலை எடை சரி. அன்று மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே வெளிநாட்டவரிடம் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யூயி சுசாகியை வீழ்த்தினார், பிறகு உக்ரைன், கியூபா வீராங்கனைகள். எடைக்காக வற்றவைத்த உடம்பு, ஆட்டங்களுக்கு நடுவே நீரும் உணவும் இல்லாமல் நிற்காது. உள்ளே போனது எடையாகத்தானே நிற்கும்? இரவு முழுக்க இறக்கப் பார்த்தும் மறுநாள் காலை 100 கிராம் கூடுதல். விதிப்படி தகுதி நீக்கம், கடைசி இடம். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஆகஸ்ட் 14-இல் மனுவைத் தள்ளியது.

ஜெயிப்பதற்குத் தேவைப்பட்டதே ஜெயத்தைப் பறித்தது. அரிஸ்டாட்டில் கேட்ட திருப்பம் அப்படியே இருக்கிறது. பிழை எங்கே என்றால், பிரிவு மாற்றிய முடிவு. அதுவும் களத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, தெரிந்த ஆபத்தோடு எடுத்தது. ஆக டீச்சர் சொன்ன இரண்டு வகையும் அவரிடம் கலந்திருக்கிறது. சதி, சூழ்ச்சி என்று வாட்ஸ்ஆப்பில் வந்த எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்த நொடியில் நாயகி வெறும் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார், அவர் எடுத்த முடிவின் கனம் போய்விடும்.

—

இரணியல் வாசகன் எழுதியது:

குளச்சல்காரர் ஹெகலைக் கொண்டுவந்தது சரிதான், ஜிடேனுக்கு அது பொருந்துகிறது. ஆனால் ஒரே பேச்சில் இரண்டு கோட்பாடும் சொன்னால் பையன்கள் குழம்புவார்கள். ஜிடேனைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

நாற்பது நிமிடத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். பாண்டியன் 7 நிமிடம். பார்போசா 12, இதில் ஐந்து நிமிடம் 66-க்கும் 79-க்கும் நடுவில் அவர் என்ன அறிந்திருந்தார் என்பதற்கே. வெள்ளைப்பலகையில் கோல் கம்பம், கிஜ்ஜா ஓடிய கோடு, பார்போசா எடுத்த ஓரடி என்று மூன்று கோடு போதும். பழைய படக்காட்சி மங்கலாக இருக்கும், பலகையே தெளிவு. க்ளூஸ்னர் 8, வினேஷ் 8. மீதி ஐந்து, பொருந்தாதவர்களுக்கு: எஸ்கோபாரும் ஆம்ஸ்ட்ராங்கும் ஏன் இல்லை என்று சொல்வது, பொருந்துகிறவர்களைச் சொல்வதைவிட நன்றாகப் புரியவைக்கும்.

அர்ஜென்டினா தெரு கோபித்துக்கொள்ளும் என்றால் மாரடோனாவைக் கேள்வி நேரத்தில் தொடுங்கள். 8-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது: ஒருவனைப் பற்றியது என்பதாலேயே கதை ஒன்றாகிவிடாது. 1986 கைக்கோல், 1991 தடை, 2020 மரணம் என்று வாழ்க்கையை அடுக்கினால் அது வரலாறு. 1994-ஐ மட்டும் எடுங்கள்: ஜூன் 21 கிரீஸுக்கு எதிராக கோல், 25 நைஜீரியா ஆட்டம் முடிந்து செவிலி கைபிடித்துச் சோதனைக்கு அழைத்துப்போனது, எஃபெட்ரின் என்ற ஊக்கமருந்து, 15 மாதத் தடை. கோலிலிருந்து சோதனை வரை ஐந்து நாளுக்குள் அடங்குகிறது.

ரொனால்டோவைச் சொல்லும்போது 2002-ஐயும் சொல்லாமல் விடாதீர்கள். 2000-இல் முழங்கால் போய், திரும்பி வந்து, யோகோஹாமா இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல், தொடரில் எட்டு. 1998-ஐத் தனியாக முடித்தால் துன்பியல், அதோடு சேர்த்தால் வேறு கதை. கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸும் அப்படியே. 2009-இல் முடிந்தது என்று எழுதியவர்கள் 2019 மாஸ்டர்ஸ் வெற்றியில் திகைத்தார்கள். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும்போது ‘இந்த ஆட்டம் துன்பியல்’ என்று சொல்லுங்கள், ‘இவர் வாழ்க்கை துன்பியல்’ என்று சொல்லாதீர்கள். வினேஷுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

மூன்று பத்தித் தாளை முடித்ததும் இங்கே போடுங்கள் தம்பி. ‘அவருக்கு என்ன தெரியும்’ பத்தியை எல்லாரும் சேர்ந்து சரிபார்ப்போம்.